தண்ணீர்மலையில் ஒரு வகுப்பறை



பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலை என்றவுடன் தைப்பூசமும் பாலதண்டாயுதபாணி ஆலயமும் நினைவுக்கு வரும். ஆலயத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே தாவரவியல் பூங்கா உள்ளது. பழைய கல் குவாரி இருந்த இடத்தில் 1884ஆம் ஆண்டு சார்ல்ஸ் கர்ட்டிஸ் இதனை உருவாக்கினார். நீர்த்தேக்கம் அமைக்கும் பொருட்டு 1910இல் இது நகராண்மையிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்திட்டம் நிறைவேறாததால் 1912இல் நமக்கு மீண்டும் பூங்காவாகவே கிடைத்தது. 2021இல் யுனெஸ்கோ அறிவித்த கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இப்பூங்காவும் அடங்கும்.

காலையில் இங்கு மூவினத்தாரும் நடைப்பயிற்சி செய்வதைக் காணலாம். முதியோர் உடற்பயிற்சி செய்வர். குழந்தைகள் புல்வெளியில் ஓடுவர். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும், சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுள் பலர் பிரத்தியேக வகுப்புகளில்தான் அமர்ந்திருக்கின்றனர். மகரந்தச் சேர்க்கையைப் பிழையின்றி எழுதும் மாணவனுக்கு ஒரு பூவை நின்று பார்க்க நேரமில்லை.

நுழைவாயிலருகே உள்ள நாகலிங்க மரத்தையே எடுத்துக்கொள்வோம். இதன் தாயகம் தென்னமெரிக்கா. பூக்கள் கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்திலிருந்தே பூக்கும். உருண்டையான பெரிய காயைக் கண்ட ஆங்கிலேயர் இதனைப் பீரங்கிக் குண்டு மரம் என்றனர். பூவினுள் உற்றுநோக்கிய தமிழர், லிங்கத்தின் மீது படமெடுத்த நாகத்தைக் கண்டனர். கடல் கடந்து வந்த மரத்திற்கும் தமிழில் பெயர் அமைந்தது, யாரோ ஒருவர் பொறுமையுடன் பார்த்ததனால் அல்லவா?

குரங்குகளும் அப்படியே. நீண்ட வால் குரங்குகள் பாதையோரம் திரியும். கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்டவை இலைகளை உண்டு மரத்திலேயே வாழும். அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறம். ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி எனும் சொற்களை அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். உணவு மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவை மனிதரிடம் பறிக்கப் பழகிவிடும்.

பெற்றோர்களே, மாதம் ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். பயிற்றியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு குறிப்பேட்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மரத்தின்முன் பத்து நிமிடங்கள் நிற்கச் செய்து, கண்டதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கண்ணால் கண்ட பொருளின் பெயரைப் பிள்ளை மறப்பதில்லை. ஏட்டில் மட்டும் இருக்கும் சொல்லோ தேர்வோடு மறைந்துவிடும்.