களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கின்றன. 1956 நவம்பர் முதல் நாள் வரை இவ்வழி முழுவதும் ஒரே இராச்சியத்தைச் சேர்ந்தது. இன்று நடுவே ஒரு மாநில எல்லை. ஆண்டுக்குப் பலமுறை இவ்வழியே பேருந்தில் போய் வருகின்ற நமக்கு, எல்லையைக் காட்டுவது பெயர்ப்பலகையின் எழுத்து மட்டுமன்று. வண்டி ஓட்டும் முறையும் அதைக் காட்டிவிடுகிறது.

மார்த்தாண்டத்தில் இருசக்கர வண்டிக்காரரின் தலைக்கவசம் பெரும்பாலும் பெட்ரோல் தொட்டியின் மேல் அமர்ந்து பயணம் செய்கிறது. களியக்காவிளையைத் தாண்டியதும் அது தலைக்கு ஏறிவிடுகிறது. மனிதர் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல், சாலைகளில் நிறுத்தப்பட்ட 726 நிழற்படக் கருவிகளைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவே. அயலானுக்குக் காட்டும் மரியாதையைத் தன் ஊர்க்காரனுக்குக் காட்டாத வழக்கம் நம்மிடையே பழையது அல்லவா!

இதைக் கொண்டு மலையாள நாட்டார் யாவரும் ஒழுங்கானவர்கள் என்று கொள்ளற்க. அங்கே தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்துகின்ற காட்சியைக் கண்ட எவரும் இருக்கையின் கம்பியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வர். ஆனால் அந்தச் சாலைகள் குறுகியவை, வளைந்தவை. இரு மருங்கும் வீடும் கடையுமாக இடைவெளி இன்றித் தொடர்பவை. எண்ணினாலும் விரைந்து ஓட்ட இயலாது. உரசல்கள் மிகுதி, உயிர் போவது அரிது.

கிழக்கே திரும்பினால் காட்சி வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையை அடைந்ததும், காற்றாலைகள் சுழலும் வெட்டவெளியில் சாலை நூல் பிடித்தாற்போல் நாங்குநேரியை நோக்கி ஓடுகிறது. அங்கே எந்த ஓட்டுநரின் பாதமும் தானாக அழுந்துகிறது. அச்சாலையிலேயே, நடுத்திட்டின் இடைவெளி தொலைவில் இருப்பதால், புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு விவசாயி எதிர்த்திசையில் ஓரமாக மொபெட்டில் வருகிறார். அவரைக் குறைகூறுவது எளிது. அவருடைய வயல் சாலைக்கு அப்பால் இருக்கிறது என்பதையும், முறைப்படி சென்றால் சில கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதையும் சாலையை வரைந்தவர்கள் நினைத்துப் பார்த்தார்களா என்பதே நம் கேள்வி. எதிரே வரும் வண்டி விளக்கை மின்னவிட்டால், 'நான் வருகிறேன், நீ நில்' என்பது நம் நாட்டுப் பொருள். இங்கிலாந்தில் பெரும்பாலும் 'நீர் முதலில் செல்லும்' என்பது பொருள். ஒரே விளக்குத்தான், பேசும் மொழிகள் இரண்டு.

இனி, எந்த நாட்டுச் சாலை பாதுகாப்பானது என்று அளப்பது எப்படி? பங்குக் கூட்டங்களில் இளைஞர்கள் செய்தித்தாளைக் காட்டி, 'சாமி, விபத்தில் தமிழ்நாடுதான் முதலிடம்' என்று சொல்வதுண்டு. அது மெய்யே. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஆனால் இறந்தோர் எண்ணிக்கையில் முதலிடம் உத்தரப் பிரதேசத்திற்கு: 22,595 பேர். தமிழ்நாட்டில் இறந்தோர் 17,884 பேர். கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேர். பீகாரில் 10,801 விபத்துகளில் 8,898 பேர்.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். நூறு விபத்துகளுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்று பார்த்தால், கேரளத்தில் ஏறக்குறைய பத்து, தமிழ்நாட்டில் இருபத்தெட்டு, உத்தரப் பிரதேசத்தில் ஐம்பத்து நான்கு, பீகாரில் எண்பத்திரண்டு. பீகாரில் சாலையில் மோதுகிறவர் அனைவரும் மடிகிறார்கள் என்று இதற்குப் பொருளா? அன்று. கேரளத்தில் கதவு நசுங்கினாலும் காவல் நிலையம் சென்று பதிவு செய்வார்கள். காப்பீட்டுப் பணத்திற்கு அது வேண்டும். வேறு இடங்களில் சிறு காயமென்றால் சாலையோரத்திலேயே பேசி, பணம் கைமாறி, காரியம் முடிந்துவிடும். பிணம் விழுந்தால்தான் ஏட்டில் ஏறும். ஆகவே விபத்து எண்ணிக்கை என்பது மோதல்களை அளப்பதைவிட, எழுதும் பழக்கத்தை அளக்கிறது என்றே சொல்லலாம். நன்றாக எழுதுகின்ற மாநிலம் கெட்ட பெயர் எடுக்கிறது!

மக்கள்தொகையைக் கொண்டு வகுத்தால் படம் தலைகீழாகிறது. இலட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 23 பேர், கேரளத்தில் 12 பேர், உத்தரப் பிரதேசத்தில் பத்துக்கும் சற்றுக் குறைவு, பீகாரில் ஏழு. பீகாரே பாதுகாப்பான மாநிலம் என்று இதைக் கொண்டு முழங்கலாம். ஆனால் வண்டி குறைந்த நாட்டில் வண்டியால் சாவோரும் குறைவு என்பதைத் தவிர இதில் பெரிதாக வேறென்ன உண்டு? வண்டிகளைக் கொண்டு வகுக்கலாமே என்பீர்கள். ஸ்மீட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலார் 1938-ஆம் ஆண்டுக்குரிய இருபது நாடுகளின் கணக்கை எடுத்து, 1949-இல் ஒரு விதியை வெளியிட்டார். மக்களிடையே வண்டிகள் பெருகப் பெருக, வண்டி ஒன்றுக்குரிய சாவு குறைந்துகொண்டே போகும் என்றார். அவ்வாறாயின் வண்டி மிகுந்த செல்வ நாடு எப்போதும் நல்ல பிள்ளையாகவே தோன்றும். மேலும் நம் பதிவேடுகளில், பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் எல்லா வண்டிகளும் ஓடிய மொத்தத் தொலைவைக் கணித்து அதைக் கொண்டு வகுக்கிறார்கள். செம்மையான முறை அது. அந்தத் தொலைவை நம் நாட்டில் முறையாகக் கணிப்பார் இல்லை.

விபத்தை மறைக்கலாம், சாவை மறைக்க முடியாது, எனவே இறந்தோர் எண்ணிக்கை ஒன்றேனும் உறுதியானது என்று எண்ணியிருந்தோருக்குத் தமிழ்நாட்டின் கதை ஒரு பாடம். 2019-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் சாலையில் இறந்தோர் 10,525 பேர் என்று முதலில் அச்சாயிற்று. 2016-இல் 17,218 ஆக இருந்தது இவ்வளவு இறங்கிவிட்டதே என்று எங்கும் வியப்பு. மத்திய அமைச்சரே பிற மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை முன்மாதிரியாகக் காட்டினார். பின்னர் கணக்கு திருத்தப்பட்டது. அதே 2019-இன் எண்ணிக்கை 18 ஆயிரத்தைத் தாண்டியது. இந்திய மொத்தமும் 1,51,113-இலிருந்து 1,58,984-ஆக உயர்ந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தும் எண்ணப்படாமல் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு வீடு, அழுவதற்குச் சிலர் இருந்திருப்பர் அல்லவா?

நன்மை ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 2008-இல் தொடங்கிய 108 ஊர்தி எத்தனையோ பேரை வீடு திரும்பச் செய்திருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறுகிறார். கேரளத்தில் 2023-இல் விபத்துகள் 48,091-ஆகப் பெருகின. இறந்தோரோ 4,080-ஆகக் குறைந்தனர். விபத்துகளை மட்டும் எண்ணுகிறவர் இதைத் தோல்வி என்பார்.

எண்ணும் முறையில் இன்னொரு கோடும் உண்டு. விபத்து நடந்து முப்பது நாட்களுக்குள் இறந்தால்தான் அது சாலைச் சாவு. உலக நாடுகள் பலவும் கொள்ளும் வரையறை இதுவே. நம் அமைச்சகமும் இதையே ஏற்றிருக்கிறது. ஒப்பிடுவதற்கு எங்கேனும் கோடு போடத்தான் வேண்டும். ஆயினும் பங்கில் வைத்திருக்கும் இறந்தோர் பதிவேட்டில் அப்படிக் கோடு இல்லை.

நாம் பணிபுரிந்த நெடுஞ்சாலையோரப் பங்கு ஒன்றில், இரவில் மிதிவண்டியில் வீடு திரும்பிய கொத்தனார் ஒருவரை ஒரு வண்டி இடித்துவிட்டுப் போயிற்று. மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். செலவைத் தாங்க முடியாமல் வீட்டிற்குக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தேழாம் நாள் உயிர் பிரிந்தது. வீட்டில் இறந்ததால் பிணப் பரிசோதனை நடைபெறவில்லை. காவல் நிலைய ஏட்டில் அவர் காயமடைந்தவராகவே நின்றுவிட்டார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்குச் சென்ற அவருடைய மனைவியிடம், கணவர் இறந்தது அந்த விபத்தினால்தான் என்பதற்கு என்ன சான்று என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். அம்மாள் நம்மிடம் வந்தார். பதிவேட்டில் இறப்பின் காரணம் என்ற கட்டத்தில், அடக்கம் செய்த அன்றே நம் கையால் 'சாலை விபத்து' என்று எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதைச் சான்றாக ஏற்பார்களா என்று வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அம்மாள் அதை மடித்து எடுத்துச் சென்றார்.