அப்பாவின் டீசல் புல்லட்

போன தை மாசம் பெங்களூரிலிருந்து ஆறு பேர் பைக்கில் மலையேறி வந்தார்கள. காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. அதை ஓட்டிப் பார்க்கவே சனி, ஞாயிறில் இப்படிக் கூட்டம் வரும். இவர்கள் வழி தவறி அரியூர் நாட்டுக்குள் வந்து, எங்கள் களத்தில் தண்ணி கேட்டு நின்றார்கள்.

மிளகு மூட்டை அடுக்கியிருந்த சாய்ப்புக்குள் அப்பாவின் வண்டி நிற்கிறது. ஓடி வருசக்கணக்காச்சு. அதில் ஒரு தம்பி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, இது டீசல் புல்லட்டா?"

"ஆமா தம்பி. கம்பெனிக்காரங்க மலையில ஏத்திச் சோதனை பண்ணின வண்டி. 1989ல அப்பா வாங்கினாரு."

சின்ன வயசிலிருந்து எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். ஆனால் வருசத்தைக் கேட்டதும் அந்தத் தம்பி முகமே மாறிவிட்டது. கம்பெனி டீசல் புல்லட்டை விற்பனைக்கு விட்டதே 1990களில்தானாம். அதற்கு முந்தியது என்றால் இது புரோட்டோடைப், அதாவது விற்பனைக்கு முன்னால் கையால் செய்து ஓட்டிப் பார்க்கும் மாதிரி வண்டி. "பேப்பர் மட்டும் சரியா இருந்தா ரெண்டரை லட்சம் தரேண்ணா" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனான்.

ரெண்டரை லட்சம்! பேங்க் கடனில் பெரும்பகுதி அடைந்துவிடும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் புல்லட் கதையையே படித்தேன். புல்லட்டுக்கும் ஒரு காலத்தில் மாதிரி வண்டி இருந்திருக்கிறது. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கோல்மோர் கப் என்று ஒரு டிரையல் போட்டி. அதில் வேகம் கணக்கில்லை. சேறு, பாறை, ஏற்றம் எல்லாவற்றிலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஊன்றினால் மார்க் போகும். (நம்ம ஊர் ஆட்கள் ஐப்பசி மழையில் தினமும் செய்கிற வேலை, கப் தான் யாரும் தரவில்லை.) புது புல்லட்டின் மாதிரி வண்டிகளை ராயல் என்ஃபீல்டு அங்கேதான் இறக்கியது. பின்சக்கரத்தில் ஸ்விங் ஆர்ம், ஸ்பிரிங். பின்னாடி ஸ்பிரிங் வைத்தால் சேற்றில் பிடிமானம் போய்விடும் என்று நம்பியவர்கள் அப்போது நிறைய. அதே வருசம் இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இரண்டு பேர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அந்த வண்டிதான் 1955இல் மெட்ராசுக்கு வந்து, திருவொற்றியூரில் நம்ம ஊர் வண்டியாக ஆனது.

டீசல் புல்லட்டுக்குக் கம்பெனி வைத்த பெயர் டாரஸ். 325 சிசி லொம்பார்டினி எஞ்சின். கிரீவ்ஸ் லொம்பார்டினி இங்கேயே செய்தது. பெட்ரோல் புல்லட் 18 குதிரைத்திறன் என்றால் இது 6.5 தான். 65 கிலோமீட்டர் வேகம் போனால் பெரிய விஷயம். ஆனால் லிட்டருக்கு 70க்கு மேல் ஓடும், டீசலும் அப்போது பெட்ரோலைவிட ரொம்ப மலிவு. நடுக்கம் மட்டும் பல்லைக் கழற்றிவிடும். புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியதும் அதன் கதை முடிந்தது. அந்த வகை எஞ்சின்தான் பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் போனது. டாரஸுக்கு முன்பே பம்புசெட் எஞ்சினை புல்லட்டில் ஏற்றிய மெக்கானிக்குகள் வடக்கே நிறைய.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டிரங்குப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எரிபொருள்: பெட்ரோல். சேசிஸ் நம்பர் சரியாக இருக்கிறது. எஞ்சின் நம்பர் வேறு. எஞ்சினைத் தாங்குகிற பட்டைகளைத் தேய்த்துப் பார்த்தால், கேஸ் கட்டிங்கில் வெட்டி வெல்டிங் வைத்த தடம். கம்பெனி வேலை மாதிரி இல்லை, லாரிப் பட்டறை வேலை மாதிரி இருந்தது.

லாரிப் பட்டறை என்றால் நாமக்கல். அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருத்தர் இன்னும் இருக்கிறார், கண் மட்டும் சரியாகத் தெரியாது. போட்டோ காட்டிப் பிரயோஜனமில்லை என்று வாயால் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கம்பெனி வண்டியா? உங்கப்பா உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாரா தம்பி?"

நடந்தது இதுதான். பெட்ரோல் எஞ்சின் மலையேற்றத்தில் சீஸ் ஆகிவிட்டது. சரிபண்ணக் காசில்லை. அதே சமயம் ஓடையோரம் தண்ணி இறைத்த டீசல் எஞ்சின், கரண்டு மோட்டார் வந்ததால் சும்மா கிடந்தது. அதைச் சாக்கில் சுற்றி பஸ் மேலே போட்டு அப்பா நாமக்கல் கொண்டுபோயிருக்கிறார். பதினோரு நாள் பட்டறையிலேயே படுத்திருக்கிறார். எஞ்சினை இப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதைச் செய்யவில்லை. அது தப்புதான். அடிவாரத்தில் போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, இவரும் அப்பாவும் சேர்ந்து கட்டிய கதைதான் "கம்பெனி சோதனை வண்டி".

அந்த வண்டியில்தான் என் தங்கச்சி பிறக்கிற ராத்திரி அம்மாவைக் கீழே கூட்டிப்போனார். மலை இறங்கி ஏறின சாமை மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் கணக்கில்லை.

பெங்களூர் தம்பிக்குப் போன் போட்டேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம், பேப்பரைப் பார்த்தால் அவனுக்கே தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஓ... சரிங்கண்ணா" என்றான். அதோடு சரி. கடன் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது பாதி நாள் என் பேரே மறந்துபோகிறது. கேட்கலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு கயிற்றுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, வண்டி எஞ்சினை நீங்கதான் மாத்துனீங்களாமே" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

"மொத ஸ்ப்ராக்கெட்டுல ஏறலடா. சமதரையில நல்லா ஓடுச்சு, மூணாவது வளைவுல நின்னுருச்சு. திரும்பக் கீழ போயி ரெண்டு பல்லு கொறச்சுக் கடைஞ்சோம். அதுவும் பத்தல. மூணாவதுதான் மேல வந்துச்சு. மத்த ரெண்டும் பரண்ல கெடக்கும், பாரு."

ஏணி போட்டு ஏறினேன். உடைந்த தேன் டின்னுக்குள், கிரீஸ் துணியில் சுற்றி, இரண்டும் இருந்தன. பல்லை எண்ணினேன். ஒன்றுக்கொன்று ரெண்டு பல் வித்தியாசம்.