கிழங்கு மசியணும், கறி உதிரணும்

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் மலைப்பயிர் தொடர்பானவற்றை எனக்கு அனுப்பி வைப்பார்கள். தேயிலையில் கொப்புள நோய், பூண்டில் வேர் அழுகல், கேரட் வெடித்துப் போவது என்று கேள்விகள் இருக்கும். போன மாதம் வந்த கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எமரால்டு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்.

"எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.5 தான் இருக்கிறது. மாத்திரையோடு முட்டை, கீரை, கறி சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆட்டுக்கறி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர் மாட்டுக்கறியைக் கொத்துக்கறியாக வாங்கி வந்தார். எனக்குச் சமைத்துப் பழக்கமில்லை. ஒரு தடவை நடுவில் சிவப்பாகவே இருந்தது. மறுதடவை தண்ணீராகிவிட்டது. குழந்தைகளும் சாப்பிடுவதால் பயமாக இருக்கிறது. எப்படிச் சமைப்பது?"

இது சமையல் குறிப்புப் பத்திரிகைக்குப் போக வேண்டிய கடிதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், "நடுவில் சிவப்பாகவே இருந்தது" என்ற அந்த ஒரு வரியால் ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்பு அவலாஞ்சியில் ஒரு குழந்தையை நான் படுக்கையில் தள்ளியிருக்கிறேன்.

1996-ஆம் வருடம். எனக்கு வயது இருபத்தாறு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்த புதிது. மண்ணரிப்புக் கணக்கெடுப்புக்காக ஒரு மாதம் அவலாஞ்சியில் தங்க வேண்டியிருந்தது. என்னோடு ஒரு நில அளவையாளரும் இருந்தார். நாங்கள் இருந்த கட்டடத்தின் காவலாளி குடும்பம் பக்கத்து அறையில் இருந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அது. கணவன், மனைவி, ஆறு வயதில் ஒரு பையன். அந்த அம்மாவை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைத்ததில்லை. கல்லூரி விடுதி நாட்களில் நண்பர்களோடு கடையில் சாப்பிட்டுப் பழகியதுதான். ஒருநாள் காலையில் ஊட்டிக்குப் போனவன் அரைக் கிலோ கொத்துக்கறி வாங்கினேன். வாங்கிய கையோடு திரும்பவில்லை. அலுவலகத்தில் வேலை, வங்கியில் வேலை, பிறகு பஸ்ஸுக்குக் காத்திருப்பு. பையில் கறி ஏழெட்டு மணி நேரம் கிடந்தது. "இந்தக் குளிரில் என்ன கெட்டுவிடப் போகிறது, ஊரே ஃப்ரிட்ஜ்தானே" என்று நினைத்தேன்.

இரவு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வாணலியை வைத்து, வெங்காயம் தாளித்து, கறியை உருண்டையாக அப்படியே போட்டேன். மேலே பழுப்பாகிவிட்டது, வாசனையும் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் தீரும் நிலை. போதும் என்று இறக்கிவிட்டேன். பக்கத்து அறைப் பையன் வாசனைக்கு வந்து நின்றான். அவனுக்கும் ஒரு தட்டு வைத்தேன். விரும்பிச் சாப்பிட்டான்.

விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா கதவைத் தட்டினார். பையனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். எனக்கும் நண்பருக்கும் வயிற்று வலிதான், பெரியவர்கள் என்பதால் தாங்கிக்கொண்டோம். ஆறு வயதுக் குழந்தை துவண்டு கிடந்தான். வெளியே தென்மேற்குப் பருவமழை. ஆஸ்பத்திரிக்கு ஊட்டிதான் போக வேண்டும். முதல் பஸ் வரும்வரை வண்டி எதுவும் இல்லை. அக்கா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, விடியும்வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், அந்தத் தண்ணீர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றார். நான்காம் நாள் பையன் எழுந்து நடந்தான்.

அந்த நான்கு நாளும் அக்கா என்னைத் திட்டவில்லை. ஐந்தாம் நாள் கேட்டார்: "நீங்க படிச்சவங்க சார். தோட்டத்து மண்ணக்கூட எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புறீங்க. பிள்ளை வாயில போடுறத ஒரு தடவ உடைச்சுப் பார்க்கக் கூடாதா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தார். சகோதரிக்கு நான் எழுதும் பதில் அந்தப் பாடம்தான். கூடவே, அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களை நான் படித்தவரையில் சேர்த்திருக்கிறேன்.

முதலில், கொத்துக்கறிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? கறித்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே சூடு பட்டதும் செத்துவிடும். அதையே கொத்தும்போது மேலே இருந்த கிருமி உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. அதனால் கொத்துக்கறியின் நடுப்பகுதிவரை 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத கொத்துக்கறி வடையை வைத்து விற்ற பர்கரால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவுக்கும் நன்றாக வேக வைப்பதுதான் தடுப்பு.

நிறத்தை நம்பாதீர்கள். சில கறி 71 டிகிரி வருவதற்கு முன்பே பழுப்பாகிவிடும். நான் ஏமாந்தது அங்கேதான்.

அப்படியானால் துண்டுக்கறியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நம் மலையில் அது எளிதல்ல. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று பெற்றதைத்தான் அறுக்கலாம். வயதான மாட்டின் கறி நார் நாராக இருக்கும். அவலாஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் சூடு ஏறாது. அதனால் துண்டுக்கறி வேக நேரமும் விறகும் இரட்டிப்பாகச் செலவாகும். கொத்துக்கறியில் நாரைக் கத்தியே அறுத்துவிடுகிறது. புதிதாகச் சமைப்பவருக்கு அதுதான் நல்லது. உள்ளேவரை வேக வைக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. முறையான அறுப்புக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரையிட்ட கறியை விற்கும் கடையில் வாங்குங்கள். ஏற்கெனவே அரைத்து வைத்திருப்பதை வாங்காமல், துண்டைக் காட்டச் சொல்லி, உங்கள் கண் முன்னே கொத்தச் சொல்லுங்கள். மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாகக் கறி வாங்குங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குளிர் ஊர் என்பது கணக்கில் வராது. ஐந்து டிகிரிக்கு மேல் போனாலே கிருமி பெருகத் தொடங்கும், நம் பகல் வெயில் அதைவிடக் கூடுதல். கிருமிகள் விட்டுச் செல்லும் சில நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால் கெட்ட கறியை நன்றாக வேக வைத்துச் சரிசெய்துவிட முடியாது.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்தான் குளிர் தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் கொத்துக்கறியைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காசு போகிறதே என்று பார்க்க வேண்டாம்.

இனி சமையல். நான்கைந்து பேருக்குக் கால் கிலோ கொத்துக்கறி போதும். பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, இஞ்சி-பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மல்லித்தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், இடித்த மிளகு அரை டீஸ்பூன். தாளிக்கச் சோம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கறிவேப்பிலை. கூடவே நம் தோட்டத்து உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் ஒன்று, ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி.

கொத்துக்கறியைக் கழுவ வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, பாத்திரமெங்கும் தெறிக்கும். தீதான் அதைக் கொல்லும். கறி தொட்ட கையையும் பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் காய்கறி நறுக்குங்கள்.

அகலமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுத் தாளிக்கவும். வெங்காயம் வதங்கியதும் இஞ்சி-பூண்டு விழுது சேர்த்துப் பச்சை வாசனை போக வதக்கவும். பிறகு கறியைப் போட்டுத் தீயைக் கூட்டி வைக்கவும். இங்கேதான் கவனம். தட்டையான மரக்கரண்டியால் கட்டிகளைக் குத்தி உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டாணி அளவுக்கு மேல் ஒரு கட்டியும் இருக்கக் கூடாது. முதலில் தண்ணீர் விடும். சகோதரிக்கு இரண்டாம் தடவை நடந்தது இதுதான். பயப்பட வேண்டாம். மூடாமல், அதே தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறினால் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்.

இப்போது தூள்களையும் உப்பையும் போட்டு ஒரு நிமிடம் வதக்கித் தக்காளியைச் சேர்க்கவும். தக்காளி கரைந்ததும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கிய கிழங்கு, கேரட், பட்டாணி போட்டு, ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி மூடவும். சமவெளியில் பதினைந்து நிமிடம் என்றால் நம் உயரத்தில் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். அவ்வப்போது கிளறி, கடைசியில் மிளகு தூவி, தண்ணீர் வற்றியதும் இறக்கலாம்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் வீடுகளில் தெர்மாமீட்டர் ஏது? அக்கா எனக்குச் சொன்னது இதுதான்: "கிழங்கு மசியணும், கறி உதிரணும்." உருளைக்கிழங்கு விரலில் நசுங்கும் அளவுக்கு வெந்திருந்தால், அந்தச் சட்டி 71 டிகிரியை எப்போதோ தாண்டியிருக்கும். அதன் பிறகு சட்டியில் இருப்பதிலேயே பெரிய கட்டியைத் தேடி எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்போ, இளஞ்சிவப்புச் சாறோ இருந்தால் உடைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம். இந்த இரண்டு சோதனையும் முடிந்த பிறகே குழந்தைகள் தட்டில் வையுங்கள்.

ரத்தசோகைக்கு இது உதவுமா? உதவும். 100 கிராம் மாட்டிறைச்சியில் சுமார் 2 முதல் 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரையில் உள்ளதைவிட இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 8.5 என்பது கறியால் மட்டும் ஏறிவிடாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். நம் மலைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம், சாப்பிட்ட கையோடு டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரை, பருப்பு, மாத்திரையில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்லது.

எல்லோரும் மாட்டுக்கறி சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவலாஞ்சியைச் சுற்றித் தோடர் மந்துகள் இருக்கின்றன. எருமைதான் அவர்களுக்கு எல்லாம், அதன் கறி அவர்கள் அடுப்பில் ஏறாது. அது அவர்கள் மரபு. சாப்பிடாதவர்கள் முட்டை, கொள்ளு, கீரை, கேழ்வரகு என்று வேறு வழியில் போகலாம். சாப்பிடுகிறவர்கள் பயமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறான். அக்கா போன வருடம் காலமானார். துக்கம் கேட்கப் போயிருந்தபோது, அவன் மனைவி உள்ளே ஏதோ சமைத்துக்கொண்டிருந்தாள். அவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "கிழங்கு மசிஞ்சுதா?" என்று கேட்டான். என்னை நினைத்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சகோதரி, உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்த இதழுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காத்திருப்பேன்.