போகாத ஊருக்கு வழி

சென்ற கோடை விடுமுறையில் நம் தங்கை தன் மகனை நம் இல்லத்தில் கொண்டுவந்து விட்டு, ஒரு வழக்கையும் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றாள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மேற்படிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளை. இரவெல்லாம் கணினியின் முன் அமர்ந்திருக்கிறான் என்பது முறையீடு.

"விளையாடினால்கூட ஒருநாள் அலுத்துப்போகும், காக்கா. இவன் விளையாடவில்லை. அந்த விளையாட்டில் வருகிற நாட்டுக்குப் படம் போட்டுக்கொண்டிருக்கிறான். போகாத ஊருக்கு வழி கேட்பார்கள் என்று உம்மா சொல்வார்களே, இவன் இல்லாத ஊருக்கு வழி போடுகிறான். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்."

அறிவுரை கூறுவது நமக்குப் பழகிய தொழில். ஆயினும் வழக்கின் மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புரைப்பது நாம் ஓதிய கல்விக்கு அழகன்று. எனவே இஷாத் தொழுகைக்குப்பின் அவன் அருகே ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்தோம்.

விளையாட்டின் பெயர் ஸ்கைரிம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதஸ்டா நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டது. டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தின் வடகோடியில் உள்ள பனிநாடு அது. ஒன்பது பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. வாளும் மந்திரமும் பறவை நாகங்களும் நிறைந்த கதை. அக்கதையில் நமக்கு ஈடுபாடு தோன்றவில்லை. வியப்பூட்டியது அவன் கையாண்ட கருவிதான். நகராட்சிகள் குடிநீர்க் குழாய்களையும், வனத்துறையார் காட்டின் எல்லைகளையும் குறித்து வைக்கப் பயன்படும் புவித்தகவல் மென்பொருள்களுள் ஒன்றைக் கொண்டு அந்தப் பனிநாட்டை அவன் அளந்துகொண்டிருந்தான். கியூஜிஐஎஸ் என்று பெயர். அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் என்பார் 2002இல் தொடங்கிவைக்க, பல நாட்டினர் கூடி வளர்த்து விலையின்றி வழங்கும் மென்பொருள் அது.

விளையாட்டின் நிலம் சதுரச் சதுரமாக வெட்டப்பட்டுள்ளதாம். ஒவ்வொரு சதுரத்திலும் பக்கத்துக்கு 33 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம். ஆர்வலர் கொள்ளும் கணக்கின்படி சதுரத்தின் ஒரு பக்கம் 64 கெஜம். ஆக, இரண்டு கெஜத்துக்கு ஓர் உயரம் அளந்து வைக்கப்பட்ட நாடு! நம் ஊரின் நிலத்தைக்கூட அவ்வளவு நெருக்கமாக எவரும் அளந்ததாக நாம் கேள்விப்படவில்லை. அந்த உயரங்களை வெளியே எடுத்து மென்பொருளில் ஏற்றினால், மலையும் பள்ளத்தாக்கும் தாமே எழுந்து நிற்கின்றன. அதன்மேல் ஊர்களைப் புள்ளியாகவும், பாதைகளைக் கோடாகவும், ஒன்பது பிரிவுகளைப் பரப்பாகவும் அடுக்கடுக்காக இடுகிறான்.

"முதலில் என் நாடு கடலில் விழுந்துவிட்டது, மாமா" என்றான் சிரித்துக்கொண்டே. எந்தப் படத்தை ஏற்றினாலும், இது பூமியில் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கேட்குமாம். அது பெரும்பாலும் எதிர்பார்ப்பது மெய்யான பூமியையே. நடுக்கோட்டு ஆரம் 6,378,137 மீட்டர் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இவனுடைய நாட்டின் நடுப்புள்ளி சுழியம், சுழியம். அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கானா நாட்டுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ளது. பனிமலைகளோடு கூடிய ஸ்கைரிம் முழுவதும் நடுக்கோட்டு வெயிலில் சென்று மிதந்திருக்கிறது! பின்னர் எந்தக் கோளத்தையும் சாராத வெறும் தள அளவையை வகுத்துக்கொண்டு கரையேறினானாம்.

நமக்கு அப்போது அரீன் நினைவுக்கு வந்தது. நம் நாட்டு வானியலார் தீர்க்கரேகைகளை உஜ்ஜயினியிலிருந்து கணக்கிட்டனர். அப்பெயர் அரபியில் 'உஸைன்' என எழுதப்பட்டது. அரபி எழுத்தில் 'ஸாய்'க்கும் 'ரா'வுக்கும் இடையே உள்ள வேறுபாடு தலைமேல் இருக்கும் ஒரு புள்ளிதான். எவரோ படியெடுக்கும்போது அப்புள்ளி விடுபட, உஸைன் 'அரீன்' ஆயிற்று. பிற்காலத்தார் உஜ்ஜயினியை மறந்து, பூமியின் நடுவே, நடுக்கோட்டின்மேல், அரீன் என்றோர் இடம் உண்டெனக் கொண்டனர். பூமியின் குவிமாடம் என்று அதற்குச் சிறப்புப் பெயரும் இட்டனர். அரபி நூல்களிலிருந்து அது இலத்தீன் நூல்களுக்கும் சென்றது. இல்லாத ஊர் ஒன்றிலிருந்து உலகத்தை அளந்தவர்கள் பேரறிஞர்கள். இதை நாம் சொன்னதும் பையன் எழுந்து நின்றுவிட்டான். "ஒரு புள்ளியா மாமா?" என்று மூன்று முறை கேட்டான்.

அவனும் எமக்கு ஒன்று கற்பித்தான். மலைகளுக்கு நிழலிடும்போது மென்பொருள் தானாகவே ஒளியை வடமேற்கிலிருந்து, 45 பாகை உயரத்திலிருந்து வீசுகிறது. ஐரோப்பா போன்ற வடநாடுகளில் அத்திசையில் அவ்வளவு உயரத்தில் சூரியன் ஒருபோதும் நிற்பதில்லை. ஆயினும் மெய்யான நாடுகளின் படங்களுக்கும் அதே ஒளிதான். ஒளியைத் தெற்கே மாற்றிக் காட்டினான்; மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் நம் கண்ணுக்குத் தோன்றின. பொய்ச் சூரியனைக் கொண்டுதான் மெய்ம்மலையைக் காட்ட முடிகிறது!

இவ்வளவும் கேட்டபின் அவனைக் கடிந்துரைக்க நமக்கு நா எழவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் புதிதாக ஆசிரியப் பணி ஏற்ற காலம். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் பாடக்குறிப்பேட்டின் நடுத்தாளில் ஒரு தீவை வரைந்துகொண்டிருந்தார். துறைமுகம், கலங்கரை விளக்கம், ஊர்ப்பெயர்கள் எல்லாம் இருந்தன. இது எந்த நாடு என்று கேட்டோம். "நானே உண்டாக்கியது, ஹஜ்ரத்" என்றார். இல்லாததை உண்டென்று எழுதுவது பொய் எனக் கூறி, அத்தாளை எல்லார் முன்பாகவும் கிழித்தோம். அன்று காலையில்தான் மேல்வகுப்பினருக்கு ஹரீரியின் மகாமாத்தைச் சுவையுடன் நடத்தியிருந்தோம். அதன் கதைசொல்லி ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அந்நூலாசிரியர் புனைந்த மனிதர் என்பது அந்த வேளையில் நமக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மருமகன் தன் படத்தின் அட்டவணையைத் திறந்து காட்டினான். படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு வரிசை. பெயர், வகை, உயரம். ஸ்கைரிமுக்கு அப்பால் உள்ள அண்டை நாடுகளின் கரைகளும் மலைகளும்கூட அதில் இருந்தன. "இவற்றின் உயரத்தை எங்கே எடுத்தாய்?" என்றோம். சற்றே தயங்கினான். சில, பிற ஆர்வலர் வரைந்த படங்களிலிருந்து; சில, விளையாட்டுக்குள் படிக்கக் கிடைக்கும் நூற்றுக்கணக்கான சிறு நூல்களிலிருந்து; சில, இப்படித்தான் இருக்கக்கூடும் என்று அவனே கருதியவை. எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நின்றன.

நமக்கு இதுதான் தவறாகப் பட்டது. நாடு கற்பனை என்பதை அவனும் அறிவான், பார்ப்பவரும் அறிவார். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. அளந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாகக் கலந்து வைப்பது வேறு செயல். கி.பி. 985இல் தம் நூலை எழுதிய அல்முகத்தஸியைப் பற்றி அவனுக்குச் சொன்னோம். தாம் நேரில் கண்டவை, நம்பத்தக்கவரிடம் கேட்டவை, நூல்களில் படித்தவை என மூன்றாகத் தம் செய்திகளை அவர் பிரித்துரைத்தார். ஏடன் கடற்கரையில் ஒரு முதிய வணிகரிடம், இக்கடலின் வடிவம் யாது என்று அவர் கேட்க, முதியவர் உள்ளங்கையால் மணலைச் சமன்செய்து விரலால் வரைந்து காட்டிய நிகழ்ச்சியையும் மறைக்காமல் எழுதினார். பாதைகளுக்குச் சிவப்பு, மணலுக்கு மஞ்சள், உவர்க்கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம் என வகுத்தவரும் அவரே.

பையன் அன்றே அட்டவணையில் 'ஸனது' என ஒரு பத்தியைச் சேர்த்தான். கண்டது, கேட்டது, படித்தது என மூன்று. ஊகம் என நான்காவதாக ஒன்று. நான்காவதைப் புள்ளிக்கோடாக மாற்றினான். மிகவுயர்ந்த மலைக்கு ஏறும் வழிக்கு அந்நாட்டார் 'ஏழாயிரம் படிகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணினால் ஆயிரத்தையும் எட்டாதாம். அதற்குக் 'கேட்டது' என்றும் 'கண்டது' என்றும் இரண்டு வரிகள் இட்டான்.

அளவுகோல்தான் அவனை நெடுநாள் அலைக்கழித்தது. நாடு முழுவதும் சேர்ந்தாலும் 40 சதுர கிலோமீட்டர் வராது. கதையோ பெருநாடு என்கிறது. ஆனால் விளையாட்டின் கடிகாரம் நம்முடையதைப்போல் 20 மடங்கு விரைவாக ஓடுகிறது. அங்கே ஒரு நாள் நமக்கு 72 நிமிடம். பழைய அரபிப் புவியியலார் தொலைவை மர்ஹலா, அதாவது ஒரு நாள் பயணம், என்று கணக்கிட்டதை நாம் நினைவூட்டினோம். முகத்தஸியின் மர்ஹலா ஆறு அல்லது ஏழு பர்ஸக். இப்போது அவன் படத்தின் அடியில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன: மேலே கெஜம், கீழே மர்ஹலா.

தங்கை தொலைபேசியில் அழைத்தபோது, எதை எங்கிருந்து அறிந்தான் என்று எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றோம். "அதற்குச் சம்பளம் உண்டா காக்கா?" என்றாள். நம்மிடம் விடை இல்லை. இக்கருவியை அறிந்தவர்களுக்கு வேலை உண்டு என்று பையன் சொல்கிறான். அதன் ஸனதை நாம் இன்னும் விசாரிக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்த அந்தப் பழைய மாணவர் நம்மைக் காண வந்தார். கடல் கடந்து வாணிபம் செய்கிறார், நரையும் கண்டுவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அத்தாளைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாமும் பேசியதில்லை. அன்று கேட்டோம், தவறு நம்முடையது என்றும் சொன்னோம். "எனக்கு நினைவே இல்லை, ஹஜ்ரத்" என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தார். புறப்படும்போது மருமகனின் கணினிமுன் சற்று நின்றார். பின்னர் மேசைமேல் கிடந்த ஒரு தாளை எடுத்து, நண்டின் கொடுக்குபோல் வளைந்த ஒரு துறைமுகத்தை வரைந்தார். கலங்கரை விளக்கம் இங்கே என்று புள்ளி வைத்தார்.

"வடக்குப் பக்கம் என்ன இருந்தது, காக்கா?" என்று கேட்டான் பையன்.

"அதை இன்னும் வரையவில்லை" என்றார் அவர்.

மருமகன் அத்தீவையும் கணினியில் ஏற்றி, ஸனது என்ற பத்தியில் 'கேட்டது' என்று எழுதினான். வடகரையை வெறுமையாக விட்டிருக்கிறான்.