மொதல்ல கழட்டப் படிக்கணும்



ஐம்பத்திநாலு வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னா சிரிப்பீங்க. குரங்குப் பெடல் போட்ட காலத்துல இருந்து சைக்கிள்தான் நமக்கு வண்டி. விதை மூட்டை, உர மூட்டை எல்லாம் அதுலதான் காட்டுக்குப் போச்சு. ஆனா பெங்களூர்ல வேலை பாக்குற மவன் தீபாவளிக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன சைக்கிள் வேற மாதிரி. "சுகர் இருக்குல்ல, தினமும் பத்து கிலோமீட்டர் மிதிங்கப்பா"ன்னான்.

அதுல இருக்கிறது கிளிப்லெஸ் பெடலாம். செருப்புப் போட்டு மிதிக்க முடியாது. அதுக்குன்னு தனி ஷூ. அடியில கிளீட்னு சின்ன இரும்புத் துண்டு திருகியிருக்கு. முன்பாதத்தை வச்சு அழுத்துனா 'டக்'குனு பெடல்ல பூட்டிக்கும். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்பணும். காலைப் பூட்டுறதுக்கு ஏன் கிளிப் இல்லாததுன்னு பேருன்னு கேட்டேன். முந்தி ரேஸ் சைக்கிள் பெடல்ல கூடு மாதிரி கிளிப்பும் வாரும் இருக்குமாம். அது இதுல இல்ல, அதனால அந்தப் பேரு. பனிச்சறுக்குக் கட்டையில ஷூவைப் பூட்டுற சாமான் செஞ்ச லுக்ங்கிற பிரான்சு கம்பெனி 1984-ல இதைக் கொண்டுவந்துச்சு. அடுத்த வருசமே பெர்னார் ஈனோ இதை மாட்டிக்கிட்டு டூர் த பிரான்ஸ் ஜெயிச்சார்.

அவர் ஜெயிச்சார். நான் விழுந்தேன்.

மொத நாள் உப்பளத்து மண்ரோட்டுல. நிறுத்துனதும் பழக்கத்துல காலை நேரா தூக்கினேன், வரல. வெட்டுன வாழை மாதிரி சாஞ்சேன். மழைக்காலம், அளத்துல ஆள் இல்ல. பாத்தது ஒரு கொக்கு மட்டும்தான்.

ரெண்டாவது தடவை சிரிக்கிற மாதிரி இல்ல. தருவைகுளம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏறுற இடம். உப்பு லாரி வருதேன்னு பிரேக் பிடிச்சேன். கால் கழறல. ரோட்டுப் பக்கமாவே விழுந்துட்டேன். லாரி கிறீச்சுன்னு நின்னுச்சு. டயருக்கும் என் தலைக்கும் ரெண்டு முழம்தான்.

வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. உளுந்துல களை எடுக்க வேண்டிய கார்த்திகை மாசம், பத்து நாள் களைக்கொத்தியைப் பிடிக்க முடியல. கூலிக்கு ஆள் விட்டது போக, மிச்சத்தை வீட்டுக்காரிதான் குனிஞ்சு எடுத்தா. "ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் காட்டை நான் யாரை வச்சுப் பாப்பேன்? சைக்கிளை மவன்கிட்டயே அனுப்பிருங்க"ன்னா. அவ சொன்னதுல தப்பு இல்ல.

டீக்கடையில ஒரு பெரியவர் என் கைக்கட்டைப் பாத்து விசாரிச்சார். சங்கு குளிச்சவர். 1955-லேருந்து 1961 வரைக்கும் இங்க நடந்த முத்துக்குளிப்புல அவரு அப்பா கடல்ல இறங்குனவராம். கதையைக் கேட்டுட்டுச் சொன்னார்:

"தம்பி, முத்துக் குளிக்கிறவன் கயித்துல கட்டுன கல்லு மேல காலை வச்சுத்தான் கீழ போவான். கல்லுதான் அவனை வேகமா இறக்கும். அடி தட்டுனதும் காலை எடுத்துரணும், அப்புறந்தான் சிப்பி பொறக்குறது. எங்க அப்பா மொதல்ல சொல்லிக்குடுத்தது காலை எடுக்கத்தான். நீரு மாட்டத்தான் படிச்சிருக்கீரு, கழட்டப் படிக்கலையே."

கை சரியானதும், மவன் போன்ல சொல்லச் சொல்ல, ஆலன் கீ வச்சு பெடல் ஸ்பிரிங்கைத் தளத்தினேன். தொழுவத்துச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல உக்காந்து மாட்டு, கழட்டு, மாட்டு, கழட்டு. ஒரு காலுக்கு நூறு தடவை. மூணாவது நாள் வீட்டுக்காரியே உரல் பக்கம் உக்காந்து எண்ண ஆரம்பிச்சுட்டா.

படிச்சது இதுதான். நின்ன பிறகு கழட்டக் கூடாது, வண்டி ஓடும்போதே ஒரு காலைக் கழட்டிரணும். கழட்டுன கால் பக்கமாத்தான் சாயணும்.

இப்ப தை பொறந்தாச்சு, உளுந்தும் வீடு வந்தாச்சு. அளத்து ரோட்டுல ரெண்டு காலும் பூட்டுலதான் இருக்கும். பெரிய ரோட்டுக்கு நூறு அடி இருக்கும்போதே இடது கால் வெளிய வந்துரும். எல்லா லாரியும் அன்னைக்கு நின்ன மாதிரி நிக்காது.

நேத்துக் காலையில கெளம்புறப்ப வீட்டுக்காரி வாசல்ல நின்னு, "கழட்டிட்டுத்தான ரோட்டுல ஏறுவீய?"ன்னு கேட்டா. சைக்கிளை அனுப்பச் சொல்லல.