காசு அசல், நிறம் போலி

காரைக்காலில் என்னிடம் வந்த வழக்குகளில் முக்கால்வாசி மனைத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். செம்புக் காசின் நிறத்துக்காக நடந்தது ஒன்றே ஒன்று.

கட்சிக்காரர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர். 1739-இல் இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு இங்கே புழங்கிய செம்புத் துட்டுகளைச் சேர்ப்பவர். ஒரு பக்கம் ‘காரைக்கால்’, மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழிலேயே பொறித்த துட்டு ஒன்றை வெளியூர் வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினார். ‘அசல், கழுவாதது, இயற்கை நிறம்’ என்று ரசீதில் எழுதியிருந்தது. காசு முழுக்க ஒரே சாக்லேட் நிறம். ஐப்பசி மழை பிடித்ததும் எழுத்துகளின் இடுக்கில் வெளிர்பச்சைத் தூள் பூத்தது.

“ஊசியால தொட்டாலே உதிருது, சார். அடியில ரோஸ் தெரியுது பாருங்க” என்று லென்ஸை என்னிடம் நீட்டினார்.

செம்பு தானாக நிறம் மாறினால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் செம்பழுப்பு, பிறகு கருமை. மண்ணில் கிடந்ததில் பச்சை கெட்டியாகப் பிடித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. கைபட்டுத் தேய்ந்த மேடு வெளுத்திருக்கும், பள்ளம் கறுத்திருக்கும். புளியோ அமிலமோ போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் உரிந்து வெறும் செம்பின் ரோஸ் நிறம் வெளியே வந்துவிடும். அதை மறைக்கக் கந்தகக் கரைசலில் முக்குவார்கள். மேடும் பள்ளமும் ஒரே பழுப்பாகிவிடும். உலோகத்துக்குள் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், கடலோர ஈரம் பட்டதும் தூளாகக் கிளம்பும்.

வியாபாரி கூண்டில் அசரவில்லை. காசு அசல்தான், காசின் மேல் இருக்கும் கீறல்தான் புதிது, ஊசியால் நோண்டியது பெரியவர் என்றார். நான் எதிர்பார்த்த பதில் அதுதான்.

“கீறல் புதுசு என்பதில் உறுதியா இருக்கீங்களா?”

“உறுதியா. ஓரமெல்லாம் கூர்மையா இருக்கே.”

விற்பனைக்கு முன் அவரே அனுப்பிய போட்டோவை நீட்டினேன். அதே கீறல், அதே இடத்தில்.

“புதுக் கீறலுக்குள் ரோஸ் செம்பு அல்லவா தெரியணும்? உள்ளேயும் சாக்லேட் நிறம் எப்படி வந்தது?”

பதில் இல்லை. கீறல் புதிது என்றால் அதன்மேல் படிந்த நிறம் அதைவிடப் புதிது. நாணய ஆய்வாளர் ஒருவரின் சாட்சியமும் அதையே சொன்னது.

“காசு அசல் என்று வாதியே ஒப்புக்கொள்கிறார், பிறகு என்ன நஷ்டம்?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டார். அந்தக் காலத்துச் செம்புக்கு யாரும் அந்த விலை கொடுக்கமாட்டார்கள், கழுவாத நிறத்துக்குத்தான் கொடுத்தார் என்றேன். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15-ஆவது பிரிவு: விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும்.

மோசடி என்ற எங்கள் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறம் ஏற்றியது வியாபாரிதான் என்பதற்குச் சான்றில்லை, அது சரியான முடிவுதான். விவரம் பொய் என்பதை ஏற்றது. காசைப் பல மாதம் வைத்திருந்ததால் திருப்பித் தர முடியாது, விலை வித்தியாசம் மட்டும் நஷ்டஈடு என்று தீர்ப்பானது.

ரசீதில் ‘அசல்’ என்று மட்டும் இருந்திருந்தால் தோற்றிருப்போம். பழங்காசு வாங்குபவர்களுக்கு அதனால்தான் சொல்கிறேன்: நிறம், கழுவியதா என்பது, இரண்டு பக்கப் போட்டோ, மூன்றும் ரசீதோடு கையில் இருக்கட்டும்.