மீசைக்குக் கண் மை

காலை ஏழே முக்கால். பத்து மணிக்குக் கிண்டியில் இன்டர்வியூ. சம்பளம் என்ற வஸ்துவைக் கண்ணால் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்த எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு. இருக்கிற ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, 'ஒரே ஒரு தோசை' என்று தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மிளகாய்ப்பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய், பொடியைத் தட்டிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் தனியாகக் கிளம்பி வந்து என் சட்டைப் பாக்கெட்டில் சொட்டியது. எட்டணா அளவுக்கு ஒரு வட்டம்.

"ஐயையோ!" என்று துண்டை எடுத்துத் தேய்க்கப் போனேன்.

"தேய்ச்சீங்க... அவ்ளோதான்! இன்னும் பரவும். கையை எடுங்க" என்று சமையலறையிலிருந்து அதட்டல் வந்தது. பின்னாலேயே என் மனைவி, கையில் பவுடர் டப்பாவோடு. எண்ணெய் வட்டத்தின் மேல் ஒரு குட்டி இமயமலையையே கொட்டினாள். "இருபது நிமிஷம் ஆடாம உக்காருங்க. அது இழுத்துக்கும்."

அபிஷேகம் முடிந்த சாமி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அசையாத ஆம்பளை கிடைத்தால் பெண்டாட்டிகள் சும்மா விடுவார்களா? ஆடிட் ஆரம்பமாயிற்று.

"மீசைல வெள்ளை தெரியுது."

"நாலு முடிதானே?"

"ஆறு." கண் மையை எடுத்தாள். முப்பத்தாறு வயசில் முதன்முதலாக எனக்கு மை தீட்டப்பட்டது, மீசைக்கு!

அடுத்து ஷூ. பாலீஷ் டப்பாவில் தகரம்தான் மிச்சம். பழைய துணியில் துளி வாசலின் எடுத்து ஒரு தேய்ப்பு; பளபள. பேன்ட் ஜிப் பாதியில் நின்று சத்தியாக்கிரகம் செய்தது. அதன் பற்களிலும் கொஞ்சம் வாசலின். சர்ர்ரென்று ஏறியது. சட்டையின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிறமில்லாத நகப்பாலீஷை அந்த நூலில் ஒரு சொட்டு வைத்து, "சாயங்காலம் வரைக்கும் தாங்கும், மூச்சை மட்டும் பலமா விடாதீங்க" என்றாள்.

இருபது நிமிஷம் கழித்துப் பவுடரைத் தட்டிப் பார்த்தால், வட்டம் கிட்டத்தட்ட மாயம். கிட்டத்தட்டதான். மிச்சத்தை மறைக்கப் பாக்கெட்டில் ஒரு பேனா.

பவுடர் விஷயத்தில் நானும் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை, சார். 2012-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் குப்பை கொட்டியவன். ஆறுக்குப் பத்து அறையில் மூன்று பேர். பவுடர் டப்பா ஒன்று. கேரம் போர்டில் காயின் வழுக்க அதுதான். கேன்டீன் சீட்டுக்கட்டு ஒட்டிக்கொண்டால் அதுதான். குளிக்காமல் ஆபீஸ் போகிறவனுக்குக் கழுத்தில் அதுதான். ரூம்மேட்டின் ஷூவிலிருந்து வாசனை கிளம்பி எங்களை மொட்டை மாடிக்கு விரட்டிய இரவுகளில், அந்த ஷூவுக்குள் கால் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறோம். டப்பா யாருடையது என்பதில் மட்டும் கடைசிவரை கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை.

இந்த வழுக்கலுக்கும் உறிஞ்சலுக்கும் காரணம் டால்க் என்கிற கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரத்துக்குப் பத்து, டால்க்குக்கு ஒன்று. இருப்பதிலேயே ரொம்ப சாது. நம் பாட்டிகள் வத்தக்குழம்பு வைத்தார்களே கல்சட்டி, அந்த மாக்கல்லில் பெரும்பகுதி இதே டால்க்தான். டெய்லர் துணியில் கோடு போடுகிற கட்டியும் இந்தக் குடும்பத்து வாரிசு. அதாவது, காலையில் நாம் முகத்தில் அப்பிக்கொண்டு கிளம்புவது பொடி செய்த கல்சட்டி! (ஒரு விஷயம்: 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. பச்சைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பஃப்பைத் தட்டிப் புகைமூட்டம் கிளப்புகிறவர்கள் அந்தக் கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தவும். சட்டை மூச்சு விடாது, நாம் விடுகிறோம்.)

வாசலின் கதை இன்னும் ருசி. 1859-ல் ராபர்ட் செஸ்பரோ என்கிற இளம் வேதியியலாளர், எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்க அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார். பம்புத் தண்டில் மெழுகு மாதிரி ஒன்று படிந்து இயந்திரத்தை நிறுத்தித் தொல்லை செய்தது. வேலையாட்கள் அதைத் திட்டிக்கொண்டே வழித்து, வெட்டுக்காயத்தில் பூசிக்கொண்டிருந்தார்களாம். அதை வாங்கி வந்து சுத்தம் செய்து 1872-ல் காப்புரிமை பெற்றார். தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடவும் செய்தார் என்பார்கள். 96 வயசு வரை இருந்தார். ஸ்பூன் சமாசாரத்தை யாரும் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். ஆனால் பிறந்ததே இயந்திரத்தில் என்பதால், கார் பேட்டரி முனையில் பூத்துப் போகாமல் இருக்க மெக்கானிக் அதைத் தடவுவதும், பனிக்காலத்தில் உதட்டில் நாம் தடவுவதும் அதற்கு ஒன்றுதான்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில், கால்குலேட்டரில் பட்ட பேனா மையைத் துடைக்க மனைவியின் நகப்பாலீஷ் ரிமூவரை எடுத்தேன். மை போயிற்று. கூடவே கால்குலேட்டரின் மேல்தோலும் இளகி, என் கட்டைவிரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்தது. அந்த பாட்டிலில் இருந்தது அசிட்டோன். பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். பின்னொரு நாள் ஃபெவிக்விக்கில் என் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டபோது பிரித்துவிட்டதும் அதே பாட்டில்தான் என்பதால், மன்னித்துவிட்டேன்.

சரி, கிண்டிக்கு வருவோம். வாசலின் தடவிய ஷூ பஸ் ஸ்டாண்டுத் தூசி முழுவதையும் அன்போடு ஏற்றுக்கொண்டுவிட்டது. உள்ளே ஏ.சி. வேலை செய்யவில்லை. "டாக்ஸ் ஆடிட்ல எவ்ளோ வருஷ அனுபவம்?" என்று கேட்டதும் வியர்த்தது. கர்ச்சீப்பால் மூக்குக்குக் கீழே ஒற்றிக்கொண்டேன். எதிரில் இருந்தவர் பேச்சை நிறுத்தி, என் கன்னத்தையே பார்த்தார். பிறகு, "பாத்ரூம் லெஃப்ட்ல இருக்கு, சார்" என்றார் ரொம்ப மரியாதையாக. கண்ணாடியில் பார்த்தேன். மீசை வலது காது வரைக்கும் போயிருந்தது.

'தகவல் சொல்கிறோம்' என்றார்கள். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது யாருமில்லை. மனைவிக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை. வர ராத்திரி ஒன்பதரை ஆகும். சோப்புக்கு அசையாத மையை வாசலின் கரைக்கும் என்று அவள் சொன்ன ஞாபகம். அவளுடைய மேக்கப் பெட்டியை முதல் தடவையாக நானே திறந்தேன்.

பழைய பிஸ்கட் டப்பாதான் பெட்டி. உள்ளே லிப்ஸ்டிக் ஒன்று. மூடியைக் கழற்றித் திருகினேன். ஒன்றுமே மேலே வரவில்லை. குழலின் அடிக்குழியில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. அதில் கோடு கோடாகச் சுரண்டல். பக்கத்தில் நுனி சிவந்த ஒரு ஹேர்பின். கண் மை, காலையில் என் மீசைக்குப் போனதோடு தீர்ந்திருந்தது.

பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்? வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். எட்டு மாசம். பால், அரிசி, வாடகை, கரன்ட். என் டீச்செலவு 3,480 ரூபாய் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பவுடர், பொட்டு, மை என்ற தலைப்பில் அத்தனை மாசமும் ஒரு சின்னக் கோடு.

ராத்திரி அவள் வந்ததும் ஹேர்பின்னைக் காட்டி, "இது என்ன?" என்றேன்.

"அதுவா? அடியில நிறைய இருக்குங்க, சும்மா தூக்கிப் போட்ருவாங்களா? உதட்டுக்கும் அதுதான், கன்னத்துக்கும் அதுதான். கவுன்டர்ல டல்லா நின்னா சூப்பர்வைசர் கேப்பாரு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க கணக்கு எழுத ஆரம்பிச்சிடுவீங்க." தட்டைப் போட்டாள். "மீசை ஏன் இப்படி இருக்கு?"

அதற்கப்புறம் எழுத ஆரம்பித்து, பத்திரிகையிலிருந்து முதல் சன்மானம் வந்த அன்றைக்கு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். "என்ன ஷேடு சார்?" என்றான் கடைப் பையன். சிவப்பு என்றேன். பதினேழு சிவப்பை எடுத்து வைத்தான். பழைய குழலின் அடியிலிருந்த நம்பரைப் பேப்பரில் குறித்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஆனால் பாதி அழிந்திருந்த அந்த நம்பரில், மூன்றை எட்டு என்று படித்திருக்கிறேன்.

அவள் புறங்கையில் இழுத்துப் பார்த்தாள். செங்கல் நிறம். முகம் விழும் என்று பயந்தேன். பழையதிலிருந்து ஹேர்பின்னால் கொஞ்சம் எடுத்து இதோடு குழைத்தாள். "பாருங்க, சரியா வந்துடுச்சு!" அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு, எங்கேயும் போகாத நேரத்தில், வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறினாள்.

பழைய குழலைக் குப்பையில் போடப் போனவனைத் தடுத்து, கழுவித் துடைத்து, வாசலினை நிரப்பி என் பைக்குள் போட்டுவிட்டாள். அந்த பேன்ட் இன்னும் அதே பேன்ட்தானே.

போன வாரம் அண்ணா சாலையில் இன்னொரு இன்டர்வியூ. வாசலில் செக்யூரிட்டி பையைத் துழாவி, அந்தத் தங்க நிறக் குழலை வெளியே எடுத்தார். பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர். மூடியைத் திறந்து பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜிப்புக்கு, சார்" என்றேன்.